கழுவினால் போகாத மருந்து

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டி, கிணற்றடியில் நிற்கும் கறிவேப்பிலை மரம் அப்பத்தா வைத்தது. குழம்பு, கூட்டு, துவையல் எதுவானாலும் தாளிக்கும் நேரத்தில் கைநீட்டிப் பறித்துக்கொள்ளும் மரம் அது. சென்ற மாசி மாதம் அதன் கொழுந்துகள் சுருண்டன. தொட்டால் விரல் ஒட்டியது. கீழ் இலைகளில் அடுப்புக் கரி படிந்ததுபோல் கருப்பு ஏறியது. தண்டு நெடுக எறும்புகள் வரிசை கட்டின. உற்றுப் பார்த்தபோது, எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளுக்கு வரும் சில்லிட் என்னும் சிறு பூச்சி, பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்து கொழுந்துச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான்.

தோட்டம் பார்க்க வருகிறவர் நல்ல மனிதர். மரத்தின் மேல் என்னைவிட அவருக்குப் பாசம் அதிகம். நான் காரைக்குடிக்குப் போயிருந்த ஒரு நாளில் அவரே ஒரு பொட்டலம் குருணை மருந்து வாங்கி வந்து, மரத்தடியைக் கொத்தி, தூவி, மண்ணை மூடித் தண்ணீர் விட்டிருக்கிறார். இரண்டு வாரத்தில் மரம் தெளிந்தது. புதுக் கொழுந்தில் ஒரு பூச்சி இல்லை. "ஆச்சி, இலையில ஒரு சொட்டு மருந்து படலை, வேருலதான் போட்டேன். தைரியமாப் பறிக்கலாம்" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அதற்குள் நான்கைந்து நாள் பறித்துத் தாளித்தும் ஆகிவிட்டிருந்தது.

ஆத்தா சமாதானம் சொன்னார்கள்: மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் மூன்று முறை அலசித்தான் சமைத்தோமே என்று. இலையின் மேல் தெளித்த மருந்தாக இருந்தால் அலசியதில் ஒரு பகுதியாவது போயிருக்கும். வேரில் போட்ட மருந்து இலையின் மேல் இல்லை, இலைக்குள் இருக்கிறது. அதைக் கழுவ முடியாது. இந்த ஒரு செய்தி நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அன்று முழுவதும் யோசித்ததன் விளைவே இந்தப் பதிவு.

பூச்சி மருந்துகளில் ஒரு வகை, பட்ட இடத்தோடு நின்றுவிடும். சைபர்மெத்ரின் போன்றவை இலையின் மேலுள்ள மெழுகுப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பூச்சி அதன்மேல் நடந்தால் அல்லது அந்த இலையைக் கடித்தால் சாகும். தெளிப்பு எட்டாத இலையடியிலும், சுருண்ட கொழுந்துக்குள்ளும், தெளித்த மறுநாள் புதிதாக விரியும் தளிரிலும் அதற்கு வேலை இல்லை. இன்னொரு வகைதான் ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி. இது செடிக்குள் நுழைந்து, செடியின் நீரோட்டத்தில் கரைந்து, செடி தானே அதை எல்லாக் கிளைகளுக்கும் சுமந்து செல்லும்படி செய்கிறது. டைமெத்தோயேட், அசிபேட், இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்சாம் எல்லாம் இந்த வகை. நம் பக்கத்தில் ரோகர் என்று கேட்டு வாங்குவது டைமெத்தோயேட்டைத்தான்.

செடிக்குள் இரண்டு பாதைகள் உள்ளன. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீரை ஏற்றுவது சைலம். இலையில் சமைத்த சர்க்கரையைச் செடியின் மற்றப் பகுதிகளுக்கு எடுத்துச் செல்வது புளோயம். சைலம் என்பது உயிரற்ற செல்களால் ஆன வெறும் குழாய்தான். இலைத்துளைகள் வழியே தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, கிணற்றில் கயிறு இழுப்பதுபோல், கீழிருந்து நீர்க்கம்பி மேலே இழுபடுகிறது. இமிடாகுளோபிரிட் போன்றவை ஓரளவு தண்ணீரில் கரைபவை. இமிடாகுளோபிரிட் என்றால் லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல். அந்த அளவு போதும். வேர் அதைத் தண்ணீரோடு சேர்த்தே குடித்துவிடுகிறது, சைலம் அதை ஏற்றிவிடுகிறது. எண்ணெயில் மட்டும் கரையும் பொருளாக இருந்தால் மெழுகிலும் வேர்த்தோலிலும் சிக்கிக்கொள்ளும். தண்ணீரில் மட்டும் கரைவதாக இருந்தால் இலைமேல் தெளிக்கும்போது மெழுகைத் தாண்டி உள்ளே நுழையாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பொருளைக் கண்டுபிடிப்பதில்தான் இந்த மருந்துகளைச் செய்தவர்களின் திறமை இருக்கிறது.

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, சில்லிட் ஆகிய சாறு உறிஞ்சும் பூச்சிகள் இதில் ஏன் இவ்வளவு எளிதாக அகப்படுகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலம் குறைவு. தன் உடலுக்கு வேண்டிய கொஞ்சம் அமினோ அமிலத்துக்காக அந்தப் பூச்சி அளவுக்கு மீறிச் சாறு குடித்தாக வேண்டும். மிச்சச் சர்க்கரையைப் பின்பக்கமாக வெளியேற்றுகிறது. எங்கள் மரத்தில் விரலில் ஒட்டியது அந்தத் தேன்கழிவுதான். கருப்பாகப் படர்ந்தது அந்தச் சர்க்கரையில் வளர்ந்த கரும்பூசணம். எறும்பு வந்ததும் அதற்காகவே. இப்படி ஓயாமல் குடிக்கும் பூச்சிக்கு, சாற்றில் மிகச் சிறிதளவு நஞ்சு கலந்திருந்தாலும், அதன் உடல் எடைக்குப் பெரிய அளவாகச் சேர்ந்துவிடுகிறது. அதன் பசியே அதற்கு மருந்தை ஊட்டுகிறது. மழை வந்தாலும் கரைந்தோடாது, சுருண்ட இலைக்குள்ளும் எட்டும், அடுத்த வாரம் விரியும் தளிருக்கும் போய்ச் சேரும்; இலைமேல் ஊர்ந்து அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் மேல் நேரே படாது. இவை உண்மையான நன்மைகள். இவற்றை மறைத்துவிட்டு மருந்தைத் திட்டுவது நேர்மையாகாது.

உள்ளே போன நஞ்சு பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைச் செடிக்குத் தெளிக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது. அதில் வேலை செய்தது நிகோடின். நரம்புக்கும் நரம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்காக அமைந்த பூட்டில், நிகோடின் கள்ளச்சாவிபோல் பொருந்திவிடும். இமிடாகுளோபிரிட்டும் அதே பூட்டில்தான் பொருந்துகிறது. உண்மையான சாவியை உடல் உடனே உடைத்து அகற்றிவிடும். இதை அகற்ற முடியாமல் நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி நடுங்கி, உறிஞ்சுவதை நிறுத்தி, செயலிழந்து சாகிறது. பூச்சியின் பூட்டில் இது இறுக்கமாகவும் பாலூட்டிகளின் பூட்டில் தளர்வாகவும் பொருந்துவதால், பழைய பாஸ்பரஸ் வகை மருந்துகளைவிட மனிதருக்கு ஆபத்து குறைவு. குறைவு என்பதற்கு இல்லை என்று பொருள் அல்ல. டப்பாவின் மேலுள்ள முக்கோணம் இதைத்தான் சொல்கிறது: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை.

இந்தச் சிந்தனை புதிதன்று. 1936-இல் அமெரிக்காவில், செலினியம் கலந்த மண்ணில் வளர்ந்த கோதுமையில் அசுவினி பிழைக்கவில்லை என்று கண்டறிந்து எழுதினார்கள். செடியையே நஞ்சாக்கிப் பூச்சியைக் கொல்லலாம் என்ற எண்ணத்துக்கு அது ஒரு தொடக்கம். 1940-களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலர் செடிக்குள் பாயும் பாஸ்பரஸ் சேர்மங்களைச் செய்தார். இமிடாகுளோபிரிட் 1980-களில் ஜப்பானில் உருவாகி 1991-இல் சந்தைக்கு வந்தது.

எல்லாப் பூச்சிக்கும் இது மருந்தாகும் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். சைலத்தில் ஏறும் மருந்து, தண்ணீர் அதிகம் ஆவியாகும் இடத்தில், அதாவது இலையில், சேர்கிறது. காய் அதிகம் ஆவியாக்குவதில்லை. காய்க்குப் போகும் உணவு பெரும்பாலும் புளோயம் வழியே போகிறது. ஆகவே கத்தரிக்காய்க்குள் இருக்கும் புழுவுக்கு வேரில் இமிடாகுளோபிரிட் ஊற்றிப் பயன் இல்லை. புழுக்கள் மேல் அதற்கு வலுவும் குறைவு. செஞ்சிலந்தியை அது கொல்லாது. சில நேரம் சிலந்தி பெருகவும் செய்கிறது. சிலந்தி பூச்சி இனமே அன்று, எட்டுக்கால் இனம். புழுவுக்கென்று வந்த குளோரான்ட்ரானிலிப்ரோல் வேரில் ஏறிப் பாயும், ஆனால் அது நரம்பை விட்டுத் தசையைத் தாக்கும் வேறு வகை. அபாமெக்டின் இலையின் மேற்புறத்திலிருந்து அடிப்புறம் வரை ஊறும். அதைத் தாண்டி அடுத்த இலைக்குப் போகாது. ஸ்பைரோடெட்ராமட் போன்ற மிகச் சிலவே சைலத்தில் மேலேயும் புளோயத்தில் கீழேயும் என இரு பக்கமும் நன்றாகப் பயணம் செய்கின்றன. ஸ்பைரோடெட்ராமட்டை இலையில் தெளித்தால் வேரில் ஒளிந்திருக்கும் பூச்சி வரை போகும்.

நம் ஊர் மண்ணில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுச் செம்மண்ணில் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் பாத்தியில் குருணையைத் தூவிவிட்டு, மருந்து கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேர் தண்ணீர் குடித்தால்தான் மருந்தும் ஏறும். வறட்சியில் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, நீரோட்டம் நின்றுவிடுகிறது, மருந்து மண்ணிலேயே கிடக்கிறது. மாறாக, மழைக்காலத்தில் அளவுக்கு மேல் தண்ணீர் ஓடினால், சாணமும் தழையும் குறைந்த மணற்பாங்கான மண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. வேருக்குக் கீழே இறங்கிவிடும். எங்கள் கறிவேப்பிலை கிணற்றடியில் நிற்கிறது என்பதை நினைத்தால் இதன் கவலை புரியும். மருந்து போட்ட இடத்திலிருந்து கிணறு எட்டடி தொலைவுதான்.

தென்னைக்கு வேர் மூலம் மருந்து கட்டுவதை அண்டை ஊர்த் தோப்பு ஒன்றில் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். உயிருள்ள ஓர் இளவேரைத் தோண்டி எடுத்து, கத்தியால் சாய்வாகச் சீவி, மருந்தும் தண்ணீரும் பத்துப் பத்து மில்லி கலந்த சிறு பாலித்தீன் பையை அதில் மாட்டி, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, மண்ணால் மூடுவார்கள். மறுநாள் பை வற்றிக் கிடக்கும். நாற்பது அடி உயரத்து ஓலைக்குள் இருக்கும் கருந்தலைப் புழுவுக்கு அந்த மருந்து போய்ச் சேர்ந்துவிடும். தென்னையின் தண்டில் துளைபோட்டு ஊற்றாமல் வேரில் கட்டுவதற்கும் காரணம் உண்டு: தென்னந்தண்டில் மற்ற மரங்களைப்போல் காயத்தை மூடி வளரும் திசு இல்லை, போட்ட ஓட்டை ஆயுளுக்கும் ஓட்டைதான். அந்தத் தோப்புக்காரர் மருந்து கட்டுமுன் முற்றிய காய்களை எல்லாம் இறக்கினார். பிறகு நாற்பத்தைந்து நாள் யாரையும் மரத்தில் ஏற விடவில்லை, இளநீர் கேட்டு வந்த சொந்தக்காரர்களையும் திருப்பி அனுப்பினார். மரத்துக்குள் போனது காய்க்குள்ளும் போகக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அப்போது கட்டியது மோனோகுரோட்டோபாஸ். அதைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்ற தடை நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

அவர் காத்த நாற்பத்தைந்து நாளை எங்கள் வீட்டில் யாரும் காக்கவில்லை. பொட்டலத்தை எடுத்து உள்ளிருந்த துண்டுத்தாளைப் படித்தேன். நெல்லுக்கு இத்தனை கிலோ, இன்ன பூச்சிக்கு, அறுவடைக்கு முன் இத்தனை நாள் என்று இருந்தது. கறிவேப்பிலை என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு பயிரின் பெயர் தாளில் இல்லை என்றால், அந்தப் பயிரில் மருந்து எத்தனை நாளில் கரையும் என்பதற்கான கணக்கை அந்தத் தாள் தரவில்லை என்றுதான் பொருள். நெல்லில் நாம் தின்பது விதை, இலை வைக்கோலாகிறது. கறிவேப்பிலையில் நாம் தின்பதே இலை, மருந்து போய்ச் சேரும் இடமும் அதே இலை. கீரையும், கொத்தமல்லியும், புதினாவும் இப்படித்தான். வாரத்துக்கொரு முறை பறிக்கும் இலைக்கு வாரக்கணக்கில் தங்கும் மருந்தை வேரில் போடக் கூடாது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

அதற்காக இந்த மருந்துகள் எங்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் வைரஸ், விதை முளைத்த சில நாளிலேயே தாக்கினால் அந்தச் செடி மீளாது, காயும் பிடிக்காது. வைரஸுக்கு மருந்து கிடையாது, அதைச் சுமந்து வரும் ஈயைத்தான் தடுக்க வேண்டும். கிலோ விதைக்கு ஐந்து மில்லி இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். (விதையில் பூசுவதற்கான திரவ வடிவம்) என்ற கணக்கில் விதையோடு கலந்து உலர்த்தி விதைத்தால், முதல் மூன்று நான்கு வாரம் செடி தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் வயல் முழுவதும் தெளிக்க வேண்டியதில்லை. பூ வருவதற்குள் அதன் வேகமும் தணிகிறது. ஆனாலும் விதையில் பூசியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செடிக்குள் போவதில்லை, மிச்சம் மண்ணில்தான் தங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் தந்த தேமல் தாங்கும் ரகங்களை, வம்பன் 8 போன்றவற்றை, விதைப்பவருக்கு அந்த மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. என்னைக் கேட்டால் ரகம் முதலில், மருந்து பிறகு.

பூக்கும் செடியில் நிலைமை வேறு. சாற்றில் ஓடும் மருந்து மகரந்தத்திலும் தேனிலும் சிறிதளவு போய்ச் சேர்கிறது. அதிகாலையில் இலைநுனியில் செடி தானே கசியவிடும் நீர்த்துளியிலும் இருக்கிறது. தேனீயைக் கொல்ல முடியாத சிறு அளவுகூட, கூட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கச் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்சாம், குளோதியானிடின் மூன்றுக்கும் கட்டுப்பாடு விதித்து, 2018-இல் திறந்தவெளி வயல்களில் அவற்றை முற்றிலும் நிறுத்தியது. தேன்கழிவுக்கும் இதே கதை. மருந்து ஏற்றிய நாரத்தை இன மரங்களில் மாவுப்பூச்சி வெளியேற்றிய தேன்கழிவைக் குடித்து, நன்மை செய்யும் குளவிகளும் மலர் ஈக்களும் இறந்ததை ஸ்பெயினில் 2019-இல் வெளியிட்டார்கள். பொறிவண்டின் மேல் நேரே படாது என்று மேலே எழுதினேன். நேரே படாதது இப்படிச் சுற்றி வந்து சேரக்கூடும்.

குளவியின் அருமை நம் மாநிலத்துக்குத் தெரியாததன்று. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. மருந்து மாற்றி மருந்து அடித்தும் தீரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. இன்று தென்னையில் இருக்கும் சுருள் வெள்ளை ஈக்கும் மருந்து வேண்டாம், என்கார்சியா என்னும் குளவியைக் காப்பாற்றுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள் என்றே வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூச்சி பழகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நெல்லில் புகையான் 2000-களின் நடுவிலேயே ஆசிய நாடுகள் பலவற்றில் இமிடாகுளோபிரிட்டுக்கு அடங்க மறுத்துவிட்டது.

எங்கள் மரத்துக்கு வருகிறேன். பங்குனியில் அதை இடுப்பளவுக்கு வெட்டச் சொன்னேன். தோட்டக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. நான் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, ஏனெனில் அவர் செய்தது அன்பினால் செய்தது, தாளைப் படித்துக் காட்ட வேண்டியவள் நான். வெட்டிய கிளைகளை ஆட்டுக்குப் போடாமல், உரக்குழியிலும் சேர்க்காமல், கொல்லையின் கடைசி மூலையில் குழிவெட்டிப் புதைத்தோம். அடித்தூரைச் சுற்றி மேல்மண்ணை அள்ளி மாற்றி, மட்கிய சாணமும் வேப்பம்பிண்ணாக்கும் இட்டோம். அடுத்து வந்த தழைப்பையும் பறித்து எறிந்தோம். ஆறு மாதம் சமையலுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி கொல்லையிலிருந்து இலை வந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கவில்லை.

ஐப்பசி மழைக்குப் பின் மரம் மறுபடி தழைத்தது. தையில் சில்லிட்டும் மறுபடி வந்தது. இம்முறை பூச்சி மொய்த்த கொழுந்துகளைக் கிள்ளி வாளித் தண்ணீரில் போட்டோம். குழாய்த் தண்ணீரை இலையடியில் பீய்ச்சினோம். எறும்பு ஏறாமல் அடித்தண்டில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவினோம். எறும்பு இல்லாத கிளைகளில் பொறிவண்டுகள் தாமே வந்தன. கொஞ்சம் இலை சுருண்டுதான் இருக்கிறது, சுருண்டதை ஒதுக்கிவிட்டுப் பறிக்கிறோம். போன வாரம் தோட்டக்காரர் செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்கு ஒரு மருந்து டப்பாவோடு வந்தார். திறக்கவில்லை, உள்ளிருந்த தாளை மட்டும் எடுத்து, "ஆச்சி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.